மருந்துக்கு அனுமதி உண்டு, சுண்டலுக்கு இல்லை

இலக்கியம் பேசும் பக்கத்தில் சுண்டலைப் பற்றி எழுதுவதென்றால் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்வதுதான் முறை. நாங்கள் கேட்கப் போவதில்லை. பலகாரத்தைப் பற்றித் தமிழ்ச் சிற்றிதழ்களில் நாம் எழுதியதெல்லாம் பெரும்பாலும் பாட்டியின் கைமணம், தீபாவளிக்கு முந்தின இரவின் எண்ணெய் வாசனை, ஊரைவிட்டு வந்தவனின் ஏக்கம் என்ற அளவிலேயே நின்றிருக்கிறது. அந்த வாசனையில் எங்களுக்கும் பங்குண்டு. எங்கள் ஊருக்கு மேலே உள்ள மலைச்சரிவில் விளையும் ஏலக்காய் இல்லாமல் அந்தப் பாட்டிகளின் பாயசம் மணந்திருக்காது. ஆனால் அந்தப் பாயசத்தைத் தொடக் கூடாத ஒருவர், ஒரு முழு நாளை வீட்டுக்கு வெளியே பேரக் குழந்தைகளோடு சிரித்துக் கழிக்க விரும்பினால் எதைத் தின்பார் என்று நாம் கேட்டுக்கொண்டதில்லை. கேட்க வேண்டிய நிலைமை சென்ற மே மாதம் எங்களுக்கு வாய்த்தது.

நாங்கள் சிலமலையிலும் போடிநாயக்கனூரிலுமாக மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசுகிறவர்கள். கோடை விடுமுறையில் ஒருநாள் புத்தகங்களை மூடி வைத்துவிட்டுக் குடும்பங்களோடு எங்காவது போய்வருவது என்று முடிவாயிற்று. எங்கே என்று பிள்ளைகளிடம் கேட்டோம். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ. எங்கள் தலைமுறைக்குச் சுற்றுலா என்றால் வைகை அணைப் பூங்காவும் சுருளி அருவியும்தான். புளிச்சோற்றைக் கட்டிக்கொண்டு போவோம், மர நிழலில் உட்கார்ந்து தின்போம், மீதியைக் குரங்குக்குப் பறிகொடுத்துவிட்டுத் திரும்புவோம். இந்தத் தலைமுறைக்கு அது போதவில்லை. தலைகீழாகச் சுழலும் இராட்டினமும் செயற்கை அலையும் வேண்டும். அதில் தவறொன்றும் இல்லை. வேன் பேசி, 17 பேர் இருட்டோடு புறப்பட்டோம். போன பூங்காவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு நிறுவனத்தின் மேல் சொன்ன புகாராக இது சுருங்கிவிடும். எங்கள் வழக்கு ஒரு தொழிலின் வழக்கத்தோடு.

எங்களில் மூத்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். வயது 64. நீரிழிவோடு வாழத் தொடங்கி 19 ஆண்டுகள் ஆகின்றன. காலையும் இரவும் கலவை இன்சுலின் போட்டுக்கொள்கிறார். இந்த மருந்துக்கு ஒரு குணம் உண்டு. அதில் ஒரு பகுதி சாப்பிட்ட இட்லியைக் கவனித்துக்கொள்ளும். மற்றப் பகுதி மெதுவாகக் கரைந்து முற்பகல் தொடங்கிப் பிற்பகல் வரை உரக்க வேலை செய்யும். அதனால் காலை உணவுக்கும் மதிய உணவுக்கும் நடுவே, பதினோரு மணிவாக்கில், ஏதேனும் தின்றாக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து வேலை செய்துகொண்டே போகும், இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். வெயிலில் நடப்பதும் நீரில் விளையாடுவதும் அந்த இறக்கத்தை இன்னும் விரைவாக்கும். இது மருத்துவ நுணுக்கம் என்று எவரும் நினைக்க வேண்டாம். இன்சுலின் போடுகிற ஒவ்வொரு வீட்டிலும் அடுப்படியில் இருப்பவருக்கு இது மனப்பாடம்.

ஆகவே அவருடைய துணைவியார், எங்கள் எல்லோருக்கும் அக்கா, அன்று விடியற்காலையில் கட்டிக்கொண்டு வந்தவை இவை: ஒரு எவர்சில்வர் டப்பாவில் கொண்டைக்கடலைச் சுண்டல், காகிதப் பொட்டலத்தில் வறுத்த நிலக்கடலை, இரண்டு வெள்ளரிக்காய், ஒரு புட்டி மோர்.

வாசலில் பைகளைச் சோதித்த இளைஞர் மரியாதையாகவே நடந்துகொண்டார். “வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டாங்கய்யா” என்று சொல்லி டப்பாவைத் தனியே எடுத்து வைத்தார். இன்சுலின் பேனாவையும் மாத்திரைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மருந்து கொண்டுபோகலாம், அதுக்குத் தடையில்லைங்கய்யா” என்று கையில் கொடுத்தார். அக்கா, “தம்பி, அந்த மருந்துக்காகத்தானப்பா இந்தச் சுண்டலே” என்றார். அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. விளங்கும்படி அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை என்பதுதான் உண்மை. வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் இங்கே போட்டுவிடுங்கள் என்றார். வேன் நிறுத்துமிடம் வெகு தூரம், பிள்ளைகள் ஏற்கெனவே உள்ளே ஓடியிருந்தார்கள், பின்னால் வரிசை நெருக்கியது. “உள்ளே கிடைக்காமலா போகும்” என்று ஆசிரியரே சொன்னார். சுண்டல் நீலத் தொட்டிக்குள் விழுந்தது. டப்பாவைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

நாங்கள் சொல்ல வந்தது அந்தத் தொட்டியின் அருகிலேயே முடிந்துவிட்டது. மருந்து உள்ளே போகலாம், மருந்துக்கு உரிய உணவு போகக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் அந்த விதியை எழுதியவர் நீரிழிவைப் பற்றி எதுவும் அறியாதவர். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மாத்திரை என்பது தனிப்பொருள். இன்சுலின் அப்படியில்லை. உணவைப் பிரித்துவிட்டால் அது மருந்தாகவே நிற்பதில்லை, ஆபத்தாக மாறிவிடுகிறது. பேனாவை அனுமதித்துச் சுண்டலைத் தடுத்தவர்கள் கருணை காட்டியதாக நினைத்திருக்கலாம். அவர்கள் செய்தது மருத்துவச் சீட்டை நடுவில் கிழித்துப் பாதியை மட்டும் கொடுத்த வேலை.

உள்ளே என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். மூன்று மணி நேரத்தில் எல்லாக் கடைகளையும் பார்த்துவிட்டோம். உருளைக்கிழங்கு வறுவல், வெண்ணெய் ஊற்றிய சோளப்பொரி, மைதாவில் செய்த பப்ஸ், கிரீம் பன், ஐஸ்கிரீம், குளிர்பானம், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் பனிக்கட்டிச் சர்பத். ஒரே ஒரு கடையில் அவித்த இனிப்புச் சோளம் கிண்ணத்தில் போட்டு விற்றார்கள். நீதிக்காக அதையும் குறிப்பிடுகிறோம். ஆனால் அந்தக் கடை பிற்பகல் இரண்டு மணிக்குத்தான் திறந்தது. பஞ்சு மிட்டாயை மட்டும் காணவில்லை. ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததைக் கண்டுபிடித்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது நினைவிருக்கும். சாயத்துக்கு வந்த தடை சர்க்கரைக்கு வர வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. தின்பவர் தின்னட்டும். தின்ன முடியாதவருக்கு அந்த வளாகத்தில் ஒரு பிடி கடலைகூட இல்லையே என்பதுதான் குறை.

பன்னிரண்டேகால் மணிக்கு, தகரக் கூரைக்குக் கீழே ஒரு இராட்டினத்துக்கான வரிசையில் நின்றிருந்தபோது, ஆசிரியருக்கு வியர்க்கத் தொடங்கியது. அந்த வெயிலில் எல்லோருக்கும்தான் வியர்த்தது, எனவே முதலில் எவரும் கவனிக்கவில்லை. பிறகு பேத்தியின் பெயரை மாற்றிச் சொன்னார். நாக்குக் குழறியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். வரிசையில் பின்னால் நின்றவர் சத்தமாகச் சிரித்தார். காவலர் ஒருவர் வந்தார், ஆசிரியரின் முகத்தருகே குனிந்து வாயை மோந்து பார்த்தார். “குடிச்சிருக்காரா?” என்று எங்களிடம் கேட்டார்.

வாழ்நாளில் மதுவைத் தொட்டறியாத ஒருவரைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. மாணவர் தலைமுறைகள் எழுந்து நின்று வணங்கிய ஒருவரைப் பார்த்து. அந்தக் காவலர்மேலும் எங்களுக்குக் கோபமில்லை. சர்க்கரை இறங்கியவரின் தள்ளாட்டமும் குடித்தவரின் தள்ளாட்டமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், உலகம் முழுவதும் இந்தப் பிழை நடக்கிறது. ஆனால் நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானவர்களை உள்ளே விடுகிற ஓரிடத்தில் வாயை மோந்து பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறார், விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் அருகில் இல்லை என்பதை எப்படி எடுத்துக்கொள்வது?

அக்காவின் பையில் சோதனைக் கருவி இருந்தது. 54 காட்டியது. 70-க்குக் கீழே போனாலே உடனே கவனிக்க வேண்டும் என்பது பொதுவிதி. எங்களில் ஒருவர் பதறிப்போய்ச் சாக்லேட் ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். அக்கா அதைத் தள்ளிவிட்டார். கொழுப்பு கலந்த இனிப்பு மெதுவாகத்தான் இரத்தத்தில் சேரும், அந்த நேரத்துக்கு உதவாது. கோலா வாங்கிவரச் சொன்னார். சர்க்கரை இல்லாத கோலா அல்ல, அசல் கோலா. 300 மில்லியில் ஏறத்தாழ 32 கிராம் சர்க்கரை இருக்கும், அதில் பாதியைக் குடித்தால் தேவையான 15 கிராம் கிடைத்துவிடும். பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி பார்த்தார்கள், 82. ஆள் தெளிந்துவிட்டார். பூங்காவின் குளிர்பானம் அவரைக் காப்பாற்றியது என்று எவரேனும் எழுந்து சொல்லலாம். சொல்லட்டும். வீட்டைக் கொளுத்தியவன் கிணற்றைக் காட்டிய கதைதான் அது.

ஏனென்றால் விஷயம் அதோடு முடிவதில்லை. குடித்த சர்க்கரை சற்று நேரத்தில் கரைந்துவிடும், இன்சுலினோ இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். அடுத்த உணவுக்கு நேரம் இருந்தால், நின்று நிதானமாகச் செரிக்கும் ஒரு பலகாரத்தைத் தின்றாக வேண்டும். அதற்குப் படைக்கப்பட்டது போன்றது சுண்டல். அவித்த கொண்டைக்கடலையின் கிளைசீமிக் குறியீடு 30-ஐ ஒட்டி நிற்கிறது, வெள்ளை ரொட்டியினுடையது 75. கடலையில் புரதமும் நாரும் உண்டு, சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்துக்குள் விடும். அந்தச் சுண்டல் அப்போது வாசலில் நீலத் தொட்டிக்குள் இருந்தது. உணவுக்கூடம் திறக்க முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். உருளை வறுவலைத் தின்றார். பிறகு பயத்தில் தேவைக்கு மேல் சோறும் தின்றார். மாலையில் கருவி 318 காட்டியது.

திரும்பும் வழியில் வேனில் அவர் சொன்னதை எழுதாமல் இருக்க முடியவில்லை. “அடுத்த தடவை நீங்க போய்ட்டு வாங்கப்பா. நான் வீட்டுல இருந்துக்கிறேன்.” கசப்பில்லாமல் சொன்னார். அந்தக் கசப்பின்மைதான் எங்களைத் தூங்கவிடவில்லை. நோயின் பெயரால் ஒருவர் தாமாகவே வீட்டுக்குள் ஒடுங்கிக்கொள்வதை நம் சமூகம் பக்குவம் என்று புகழ்கிறது. பக்கத்து ஊரில் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தி இருக்கிறாள், முதல் வகை நீரிழிவு. அவள் வகுப்பே சுற்றுலா போனபோது அவளை மட்டும் அனுப்பவில்லை. அவள் தாயார் சொன்ன காரணம் ஒன்றே ஒன்று: பலகார டப்பாவைப் பறித்துக்கொள்வார்களாம். அந்தச் சிறுமியையும் பக்குவப்படச் சொல்வோமா?

இனி எதிர்க்கட்சியின் வாதங்களுக்கு வருவோம்.

சட்டம் தங்கள் பக்கம் என்பார்கள். ஓரளவு உண்மைதான். திரையரங்குகளுக்குள் வெளி உணவைத் தடுக்கக் கூடாது என்று 2018 ஜூலையில் ஜம்மு காஷ்மீர் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. 2023 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. அரங்கம் தனியார் சொத்து, நிபந்தனை விதிக்க உரிமையாளருக்கு உரிமை உண்டு என்றது. யாராவது ஜிலேபி கொண்டுவந்து விரலை இருக்கையில் துடைத்தால் என்ன செய்வது என்று விசாரணையின்போது தலைமை நீதிபதி சந்திரசூட் வேடிக்கையாகக் கேட்டதும் செய்தியாக வந்தது. நீதிமன்றத்துக்கு ஜிலேபி நினைவுக்கு வந்தது. நாடு முழுவதும் நீரிழிவு பெருகிக் கிடக்கும்போது உதாரணத்துக்குக்கூடச் சுண்டல் நினைவுக்கு வரவில்லை என்பதை ஒரு மூலையில் குறித்துவைத்துக்கொண்டு மேலே போகலாம். அதே தீர்ப்பில் இரண்டு விதிவிலக்குகளும் உண்டு. குடிநீர் இலவசமாகக் கிடைக்க வேண்டும், குழந்தைக்கான உணவைப் பெற்றோர் நியாயமான அளவில் கொண்டுவரலாம். சொத்துரிமை முழுமுற்றானது இல்லை, உடலின் தேவை அதற்குக் குறுக்கே நிற்க முடியும் என்று இதற்குப் பொருள். குழந்தையின் பால்புட்டிக்கு இடம் கொடுக்கும் தர்க்கம் இன்சுலின் போட்டவரின் கடலைப் பொட்டலத்துக்கு இடம் கொடுக்காமல் எங்கே போய் நிற்கும்? மேலும் திரைப்படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். கேளிக்கைப் பூங்காவில் எட்டு மணி நேரம் இருக்கிறோம், வெயிலில், ஓட்டமும் குளியலுமாக.

நம் நாட்டு நீரிழிவாளருக்குச் சட்டத்தில் பிடிமானம் குறைவு என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிட்டது, அதில் நீரிழிவு இல்லை. அமெரிக்காவில் 2008-இல் செய்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு நீரிழிவாளர் அத்தகைய பாதுகாப்புக்குள் வருவது எளிதாயிற்று. புளோரிடாவில் உள்ள யூனிவர்சல் பூங்கா, மருத்துவக் காரணத்துக்காகத் தேவைப்படும் உணவை உள்ளே கொண்டுவரலாம் என்று தன் விதியிலேயே எழுதி வைத்திருக்கிறது. டிஸ்னி இன்னும் ஒரு படி மேலே. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, சூடுபடுத்தத் தேவைப்படும் உணவு கூடாது என்ற அளவில் சில நிபந்தனைகளோடு எவரும் தம் உணவைக் கொண்டுவரலாம். டிஸ்னி தருமசத்திரம் நடத்தவில்லை. தண்ணீர்ப் புட்டிக்கே தாராளமாக விலை போடுகிற கடை அது. அந்தக் கடைக்கே கட்டுப்படியாகிற ஒன்று நம் ஊர்ப் பூங்காக்களுக்கு மட்டும் எப்படி நட்டமாகும்?

மதுவைக் கடத்திவிடுவார்கள் என்பது அடுத்த வாதம். சுண்டலுக்குள் மதுவை ஒளிக்கும் கலையை இதுவரை எவரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. எங்கள் பக்கத்திலிருந்து தினமும் விடியற்காலையில் ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகிறார்கள் பெண்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு தூக்குவாளி. வழியில் சோதனைச் சாவடிகளும் உண்டு. ஏலக்காய் மூட்டை வண்டியில் போகிறதா என்று பார்ப்பார்கள், தூக்குவாளிச் சோற்றை எவரும் பறித்து நாங்கள் கண்டதில்லை. மாநில எல்லை தாண்டலாம், பூங்காவின் சுழல்கதவைத் தாண்டக் கூடாது என்றால் எல்லை எது என்ற கேள்வி எழுகிறது.

இப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர் வரப்போகிறார்கள் என்பது இன்னொரு வாதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில், சென்னை நீரிழிவு ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய நாடளாவிய ஆய்வின் முடிவுகள் 2023-இல் வெளிவந்தன. இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடியே 10 லட்சம். தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காடு. எங்கள் வேனில் வயதுவந்தோர் 12 பேர். கணக்குப்படி இரண்டு நீரிழிவாளர்கூட முழுதாக வரக் கூடாது. மூன்று பேர் இருந்தோம். அவர்களில் ஒருவர் இந்த வரிகளை எழுதும் கைகளுள் ஒன்றுக்குச் சொந்தக்காரர். அரசுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நீரிழிவு மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். வீட்டு வாசல்வரை ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாசலைத் தாண்டி வெளியே போகும் நீரிழிவாளரைப் பற்றி அந்த ஏற்பாட்டில் ஒரு வரியும் இல்லை.

வாதங்களில் மிக நயவஞ்சகமானது கடைசியாக வரும். “நீரிழிவுக்காரர்களுக்கென்று தனிக்கடை வைத்துவிடுகிறோமே” என்பார்கள். வைத்துவிடுவார்கள், எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஓராண்டுக்குள் பச்சை நிறத்தில் ஒரு கடை முளைக்கும். இலைப் படம் போட்ட பலகை தொங்கும். உள்ளே ‘சர்க்கரை சேர்க்காத’ பிஸ்கட் இருக்கும், ஆனால் மைதா இருக்கும். மைதாவும் செரித்தால் சர்க்கரைதான் என்பது பலகையில் இருக்காது. கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன் என்று மூன்று புனிதப் பெயர்களில் லட்டு உருட்டி வைத்திருப்பார்கள். கேழ்வரகு, தினை, சாமை என்று தானியத்தின் பெயரைப் பெரிய எழுத்திலும் வெல்லத்தைச் சிறிய எழுத்திலும் எழுதியிருப்பார்கள். வெல்லம் பாரம்பரியமானது என்பதால் இரத்தத்தில் ஏறாமல் இருந்துவிடாது. அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சர்க்கரைக்கு அது பங்காளி. ‘இயற்கைப் பழச்சாறு’ என்று நாரையெல்லாம் வடித்துக் கொட்டிவிட்டு இனிப்பை மட்டும் கோப்பையில் நீட்டுவார்கள். விலை மட்டும் மும்மடங்காக இருக்கும்.

நம் இலக்கிய அன்பர்கள் பலருக்கும் இந்த மயக்கம் உண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மரபு என்று கேட்டதும் நமக்குக் கண் கலங்கிவிடுகிறது. கருப்பட்டிக் காப்பியை மருந்தென்று எழுதிய கட்டுரைகளை நாமே பாராட்டியிருக்கிறோம். மரபில் கருப்பட்டியும் இருந்தது, வேகவைத்த மொச்சையும் இருந்தது. எது விலைபோகுமோ அதை மட்டும் மரபென்று எடுத்து வருகிறார்கள்.

எங்களுக்குத் தனிக்கடை வேண்டாம். எல்லோரும் நிற்கும் கடையில், எல்லோரும் தின்னும் பண்டமாகச் சுண்டல் வேண்டும். இது ஆகாத காரியமா? ஆண்டுதோறும் சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் திருவிழாவுக்கு வந்து பாருங்கள். முல்லையாற்றங்கரையில் ஆயிரங்கண் பானையும் அக்கினிச்சட்டியும் ஏந்திப் போகிற கூட்டத்துக்குப் பக்கத்திலேயே இராட்டினங்கள் சுழலும். எங்கள் மாவட்டத்தின் மூத்த கேளிக்கைப் பூங்கா அதுதான். அங்கே சர்க்கரைப் பண்டம் இல்லையா? உண்டு. ஜிலேபியும் அல்வாவும் குவிந்து கிடக்கும், அதை மறைத்துப் புனிதம் பேச மாட்டோம். ஆனால் நாலு எட்டு வைத்தால் அவித்த நிலக்கடலை, அடுத்த எட்டில் பட்டாணிச் சுண்டல், அப்பால் வெள்ளரிப்பிஞ்சு, நீர்மோர்ப் பந்தல். எவரும் நீரிழிவைக் கருதி அவற்றை வைக்கவில்லை. கூட்டத்துக்குப் பசிக்கும், பசியில் பல வகை உண்டு என்ற பொது அறிவு போதுமாயிருந்தது. எங்கள் ஆசிரியர் ஆண்டுக்கொருமுறை அங்கே போகிறார், இரவு வரை சுற்றுகிறார், ஒருநாளும் வாயை மோந்து பார்க்கும் நிலை வந்ததில்லை.

பூங்காக்காரர்களுக்கு வருமானம் வேண்டும். சரி. நிலக்கடலையும் மொச்சையும் மானாவாரிக் காட்டில் விளைகிற பொருள்கள். அவித்துத் தாளித்துக் காகிதக் கூம்பில் போட்டுக் கொடுக்க மகளிர் குழுக்கள் எந்த ஊரிலும் உண்டு. நுழைவுச்சீட்டுக்கு இத்தனை வாங்குகிறவர்கள் சுண்டலுக்கும் இலாபம் வைத்து விற்கட்டும், நாங்கள் வாங்குகிறோம். ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். நிலக்கடலை 100 கிராமில் 560 கலோரிக்கு மேல் இருக்கிறது, அளவு ஒரு கைப்பிடிதான். இதைப் பலகையில் எழுதிவைக்கலாம். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை வைத்திருக்கும் உணவகங்கள் கலோரியைப் பட்டியலில் காட்ட வேண்டும் என்று 2020-இல் விதி வந்தது. கலோரியைக் காட்டினால் போதுமாம். நீரிழிவாளர் முதலில் தேடுவது மாவுச்சத்தின் அளவை.

சுண்டலை அங்கேயே விற்கும் நாள் வரும்வரை, கொண்டுவருகிற டப்பாவை உள்ளே விட வேண்டும். காரணம் கேட்காமல் விட வேண்டும். இதைச் சொல்லி அந்தப் பூங்காவுக்கு ஜூன் மாதம் ஒரு கடிதம் எழுதினோம். பதில் வந்தது, கண்ணியமான பதில்தான். மருத்துவரின் சான்றிதழைக் காட்டினால் ‘பரிசீலிக்கப்படும்’ என்றிருந்தது. வரிசையில் நூறு பேர் பார்க்கச் சட்டைப்பையிலிருந்து நோயை எடுத்து நீட்ட வேண்டும், ஒருவர் அதைப் படித்துப் பார்த்துச் சுண்டலை நிறுத்துப் பார்த்து உள்ளே விடுவார். ஆசிரியர் கடிதத்தை இருமுறை படித்தார். ‘பரிசீலிக்கப்படும்’ என்ற சொல்லுக்குக் கீழே மட்டும் பழைய வழக்கப்படி சிவப்பு மையால் கோடு போட்டார்.

அந்தச் சிறுமியின் தாயார் மட்டும் தாமதிக்கவில்லை. மறு வாரமே மருத்துவரிடம் போய்ச் சீட்டு எழுதி வாங்கிவிட்டார். எங்களிடம் கொண்டுவந்து காட்டினார். ஊசியின் அளவுகளுக்குக் கீழே, மருந்தின் பெயர் வர வேண்டிய இடத்தில், ஒரு வரி: சுண்டல், 1 கிண்ணம், முற்பகல் 11 மணி. அரையாண்டு விடுமுறையில் அவளையும் கூட்டிக்கொண்டு மறுபடி அதே வாசலுக்குப் போவதாக இருக்கிறோம். ஆசிரியர் வருவதாக இன்னும் சொல்லவில்லை. அக்கா கொண்டைக்கடலை வாங்கி வைத்துவிட்டார்.